லாயத்தில் கேட்ட தும்மல்

6

சவுக்கு குபாத்தின் முகத்துக்குத்தான் வந்தது. நான் குறுக்கே புகுந்ததால் என் தோளில் இறங்கியது.

முதலில் தெரிந்தது வலியல்ல, ஒரு நிம்மதி. இனி நானும் திருப்பி அடிக்கலாம் என்ற நிம்மதி. அந்த நினைப்பைப் பல்லுக்கு நடுவில் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஆட்டுப்பட்டியின் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

"தள்ளிக்க, பெர்மெத்," என்றார் மெலிஸ். சவுக்கு இன்னும் அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. "பொம்பளைன்னு பாக்கமாட்டேன்."

"பாக்காமத்தானே ஐயா அடிச்சீங்க."

அவருக்குப் பின்னால் அவர் வீட்டு ஆண்கள் திரண்டு நின்றார்கள். ஒருவன் கையில் கூடாரம் அடிக்கிற முளை. எனக்குப் பின்னால், கம்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட குபாத். அவனுடைய ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. முன்பல் ஒன்று சாணத்தில் கிடந்தது. அந்த நிலையிலும் அவன் தும்மிக்கொண்டிருந்தான். மாசிபத்திரி பூக்கிற ஆகஸ்டில் அவன் ஓயாமல் தும்முவது பள்ளத்தாக்குக்கே தெரியும். இன்றைக்கு ஒவ்வொரு தும்மலுக்கும் உடைந்த விலா உள்ளே குத்த, கூடவே ஒரு முனகலும் வந்தது.

முந்தாநாள் கோக்-போரு ஆட்டம். குதிரைமேல் இருந்தபடியே தலையில்லாத ஆட்டுடலைப் பறித்துக்கொள்ளும் சண்டையில், எதிரணித் தலைவன் குபாத், மெலிஸின் மகன் எர்மெக்கின் முகத்தில் ஊர் பார்க்கச் சவுக்கால் ஓர் இழுப்பு இழுத்தான். அன்று சாயங்காலம் எர்மெக் தன் வீட்டு லாயத்தில் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய சேணத்தின், கால் நுழைக்கிற இரும்பு அங்கவடி, ரத்தமும் முடியுமாக. ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் போலீஸ்காரர் எர்மெக்குக்கு மாமன் முறை. டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவர் பக்கத்தில் உட்கார்ந்து டீக்கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

குபாத்தின் தங்கை தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த எனக்குப் போன் செய்தாள். நான் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவள்.

"மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்," என்றார் மெலிஸ். "என் மகன்மேல மண்ணு விழற வரைக்கும் இவனை விட்டு வைக்கிறேன். உன் மரியாதைக்காக. அப்புறம் நீ வாசல்ல நின்னாலும் சரி, வானத்துல நின்னாலும் சரி."

அவர்கள் போனதும் தோல்குன் என் தோளைப் பார்த்து விசிலடித்தான். என் உதவியாளன். அடி விழும்போது எங்கேயோ இருப்பான், அடி விழுந்த பிறகு விமர்சனம் சொல்வான்.

"அக்கா, இத்தனை வருஷத்துல நமக்குக் கிடைச்ச கெடுவுலயே இதுதான் சுத்தம். நேரம், ஆளு, குழி எல்லாம் தயார்."

"உனக்கும் சேத்துத் தோண்டச் சொல்லவா?"

"வேணாம். எனக்கு மலை பாத்த குழிதான் வேணும். இங்க இடம் சரியில்ல."

*

சாவுக்காக எழுப்பிய கம்பளிக் கூடாரத்துக்குள் ஆண்கள் வர முடியாது. நான் போனேன்.

திரைக்குப் பின்னால் எர்மெக்கின் உடல். இந்தப் பக்கம் பெண்கள் வாசலுக்கு முதுகு காட்டி, கம்பளிச் சுவரைப் பார்த்தபடி ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வருகிற ஆண்கள் யாரும் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். தூரத்திலேயே குதிரையை விட்டிறங்கி, "ஐயோ என் உடன்பிறப்பே!" என்று அலறிக்கொண்டு ஓடிவரும் குரலை வைத்துத்தான் யார் வந்தது என்று பாட்டில் பேரைச் சேர்ப்பார்கள். ஓடி வராத ஆண், சாவுக்கு வராதவன் மாதிரி.

எர்மெக்கின் மனைவி அய்சுலு தன் நகத்தாலேயே கன்னங்களைக் கிழித்திருந்தாள். கீறல்கள் கறுத்துக் காய்ந்திருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். பாட்டின் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அவள் பேசினாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன்க்கா. நான் அங்கதான் இருந்தேன்."

"எங்க?"

"லாயத்துக்குப் பின்னால. குதிரைப் பால் கறந்துக்கிட்டு. உள்ள தொம் தொம்னு சத்தம். குதிரை பலகையை ஒதைக்குதுன்னு நெனச்சேன். அப்புறம்..." பாட்டு எழுந்தது. அவளும் பாடினாள். இறங்கியது. "அப்புறம் தும்மல். விடாம. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. கடைசியில ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி ஒரு இழுப்பு."

"அதுக்கு முன்னாடி தும்மல் கேக்கலையா?"

"ரொம்ப நேரமா அங்க இருந்தேன். குதிரைகிட்டப் பேசற மாதிரி ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். தும்மல் கேக்கல."

"நீ உள்ள போகல."

"அவருன்னு நெனச்சேன்க்கா." அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "அவருக்கு அப்படித்தான். குதிரைமேல இருக்கறவரைக்கும் ஒண்ணும் இருக்காது. ஆடி முடிச்சு எறங்கினா மூக்குக்குள்ள அரிப்பு, தும்மல். அணித் தலைவன் மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு லாயத்துல ஒளிஞ்சு தும்மிட்டுத்தான் வெளிய வருவாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும். அதனால சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே வெளியிலேர்ந்து சத்தம் போட்டேன், 'தும்மி முடிச்சுட்டு வாங்க, டீ ஆறுது'ன்னு."

என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது.

"அவரைக் கொன்னவனை நான் டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கேன்க்கா."

பாட்டு மறுபடி எழுந்தது. அவள் கன்னத்தில் காய்ந்த கீறல் ஒன்று திறந்துகொண்டது.

*

"அருமை," என்றான் தோல்குன், லாயத்துக்கு நடந்தபடி. "கொலைகாரன் தும்மினான். ஊர்லயே பெரிய தும்மல்காரன் நம்ம ஆளு. இதை வெளிய சொன்னா மண்ணு விழற வரைக்கும்கூடக் காத்திருக்கமாட்டாங்க. நம்ம சாட்சியே நம்ம ஆளைத் தூக்குல போடுது. நாம எந்தப் பக்கம்க்கா?"

"வாயை மூடு. மூடிக்கிட்டே கண்ணைத் திற."

லாயத்தில் ஈக்களும் இரும்பு வாடையும் இருந்தன. சுவரில் ரத்தம் விசிறியடித்த இடத்தை யாரோ கழுவ முயன்று, பெரிதாக்கியிருந்தார்கள். வைக்கோல் போரின் பின்பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து அமுங்கிய குழி. அதில் சூரியகாந்தி விதைத் தோல், கை நிறைய.

"இத்தனை விதையைக் கொறிக்கிற நேரம் வைக்கோலுக்குள்ளயே ஒக்காந்திருக்கான்," என்றேன். "தும்மாம."

தோல்குன் என்னைப் பார்த்தான். ஒரு கை வைக்கோலை அள்ளிக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போனான். அவன் வாசலைத் தாண்டும் முன்பே குபாத்தின் தும்மல் எனக்குக் கேட்டது. அதோடு ஒரு கெட்ட வார்த்தையும்.

திரும்பி வந்தவன் முகம் மலர்ந்திருந்தது. "பக்கத்துலயே போகலக்கா. காமிச்சேன், அவ்வளவுதான். குபாத் அந்தக் குழியில ஒளிஞ்சிருந்தா எர்மெக் வரதுக்குள்ள பக்கத்து ஊரே எழுந்து வந்திருக்கும்."

"ஆக, கொன்னவனுக்கு வைக்கோல் ஒண்ணும் பண்ணல. அங்கவடியைச் சுத்திச் சுத்தி அடிச்சானே, அந்த வேலைதான் பண்ணியிருக்கு. உடம்பு சூடாகி, நின்னதும் வர தும்மல்."

"அப்படியும் ஒரு வியாதியா?"

"எனக்கு இருக்கு."

அவன் ஓரடி பின்வாங்கினான். "முந்தாநாள் சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

சிரிப்பு வந்தது, தோள் வலித்தது. ஆனால் அவன் கேட்டது எனக்குள் போய்த் தங்கிவிட்டது. காலையில் ஓடி நின்றதும் என் மூக்குக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போவேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று யோசித்ததேயில்லை. வெட்கம் மட்டும் இருந்தது.

"இன்னொண்ணு," என்றேன். "ஒரு பொண்டாட்டி தன் புருஷன் தும்மலை வேற யார் தும்மலோட குழப்பிக்குவா? குபாத் தும்மலை அவ எல்லா ஆட்டத்துலயும் கேட்டிருக்கா. இது அவ வீட்டுத் தும்மல். அதே மூக்கு, அதே தொண்டை."

தோல்குனின் சிரிப்பு அணைந்தது. "அப்படின்னா ரத்த சொந்தம்."

"அவன் இன்னிக்கு இங்க வந்தே ஆகணும். வந்தா ஓடி வரணும். ஓடினா நிக்கணும்."

*

சமோவர் புகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். ஆண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். கம்பத்தில் குதிரையைக் கட்டி, இடுப்புத் துணியை இறுக்கி, குனிந்து அலறியபடி ஓடிவந்து, வாசலில் கோலூன்றி அழுதுகொண்டிருந்த மெலிஸைக் கட்டிக்கொண்டார்கள். பெரியப்பா மகன்கள், அத்தை மகன்கள், தள்ளாடும் ஒரு சித்தப்பா. மூச்சு வாங்கினார்கள், இருமினார்கள், மூக்கைச் சிந்தினார்கள். தும்மவில்லை.

வெயில் ஏறியது. மலைச்சரிவில் குழி வெட்டுகிறவர்களின் மண்வெட்டிச் சத்தம் நின்றது. வெட்டி முடித்துவிட்டார்கள்.

"அக்கா," என்றான் தோல்குன், "நீங்க சொன்ன வீட்டுத் தும்மல் லீவு போட்டிருச்சு போல."

அப்போது ஒரு கார் வந்தது. இறங்கியவன் ரிஸ்பெக். மெலிஸின் தம்பி மகன். எர்மெக்கின் அணியிலேயே ஆடுகிறவன். முந்தாநாள் ஆட்டம் முடிந்ததும் நகரத்துக்குக் கிளம்பிவிட்டதாகப் பேர். அகலத் தோள், சிவந்த கண்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கூடாரத்தை நோக்கி நடந்தான்.

நடந்தான்.

அழுதுகொண்டிருந்தவர்களின் குரல் ஒருகணம் தடுமாறியது. மெலிஸின் கைகள் பாதி உயர்ந்து நின்றன.

"முட்டி, பெரியப்பா," என்றான் ரிஸ்பெக் மெதுவாக. "ஆட்டத்துல அடி."

தோல்குன் ஏமாற்றத்தோடு என் பக்கம் சாய்ந்தான். "போச்சு. ஒரே ஒருத்தன் பாக்கி இருந்தான், அவனும் ஓடல. ஓடாதவனை எப்படிச் சோதிக்கறது?"

நான் ரிஸ்பெக்கின் கால்களைப் பார்த்தேன். "தோல்குன், தும்மலைப் பத்தி யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு, அய்சுலுவுக்கு."

"அப்ப ஓடறதுல ஆபத்து இருக்குன்னு வேற யாருக்குமே தெரியாது. ஓடிக்கிட்டே இருக்காங்க, கெழவர்கூட ஓடினாரு. இவன் ஒருத்தன் மட்டும் பயப்படறான். 'டீ ஆறுது'ன்னு அவ கூப்பிட்டதை லாயத்துக்குள்ளேர்ந்து கேட்டவன் இவன். அவ காதுல தன் தும்மல் விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சவன்."

தோல்குன் ரிஸ்பெக்கைத் திரும்பிப் பார்த்தான். "ஓடாமலே மாட்டிக்கிட்டானா..."

நான் மெலிஸிடம் போனேன். காதோரம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "உங்க தம்பி மகன் உங்க மகன்கிட்ட நடந்து வந்திருக்கான், ஐயா."

அவர் என்னை வெறித்தார். பிறகு கோலால் தரையில் குத்தினார்.

"ரிஸ்பெக். திரும்பிப் போ."

"பெரியப்பா?"

"குதிரைக் கம்பத்துக்குப் போ. அங்கேர்ந்து ஓடி வா. ஒரு கால் இல்லேன்னா இன்னொரு கால்ல வா. என் மகன் என்ன தெரு நாயா?"

அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்பெக் திரும்பிப் போனான். கம்பத்தைத் தொட்டான். ஓடி வந்தான். முட்டியில் எந்தக் குறையும் இல்லை. "ஐயோ என் உடன்பிறப்பே!" என்ற அந்த அலறலில் பொய்யும் இல்லை, அதுதான் என்னைக் கலக்கியது. மெலிஸின் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

தும்மல் வரவில்லை.

நான் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆட்டுப்பட்டியிலிருந்து குபாத்தின் முனகல் கேட்டது. சரிவிலிருந்து யாரோ, "குழி தயார்!" என்று கத்தினார்கள்.

ரிஸ்பெக் நிமிர்ந்தான். மூக்கின் மேல் முழங்கையை வைத்து அழுத்தினான். மூச்சைப் பிடித்தான். கழுத்து நரம்பு எழும்பி, முகம் கறுத்தது. எனக்குத் தெரியும் அந்தப் போராட்டம். என் மூக்கே அரித்தது. பிறகு அது உடைந்தது. ஒன்று, இன்னொன்று, மூச்சு வாங்கி மறுபடியும். கடைசியில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஓர் இழுப்பு.

வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. அழுகிறவன் மூக்குதானே.

கூடாரத்துக்குள் அய்சுலுவின் பாட்டு பாதியில் நின்றது.

வாசல் கம்பளி விலகியது. கீறிய கன்னங்களோடு அவள் வெளியே வந்தாள். "இன்னொரு தடவை தும்மு," என்றாள்.

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பேர் அவளைப் பிடிக்கப் போனார்கள். ரிஸ்பெக்குக்கு மட்டும் புரிந்தது. தோல்குன் அவன் கையைப் பிடித்தான். ரிஸ்பெக்கின் நெற்றி அவன் முகத்தில் மோதியதில் தோல்குன் சமோவர்மேல் விழுந்தான். வெந்நீர் சீறியது. போலீஸ்காரர் முதல் முறையாக எழுந்து நின்றார். ரிஸ்பெக் லாயத்தை நோக்கி ஓடினான். அங்கே சேணம் பூட்டிய குதிரைகள் இருந்தன.

நான் துரத்தினேன்.

உள்ளே இருட்டு. முதல் அடி என் விலாவில், இரண்டாவது வாயில். உதடு பல்லில் கிழிந்து ரத்தம் இனித்தது. கண் தெரியாமல் தலையால் முட்டினேன். ஏதோ நொறுங்கியது, அவன் மூக்காக இருக்க வேண்டும். குதிரைகள் மிரண்டு பலகையை உதைத்தன. இருவரும் வைக்கோலில் உருண்டு பிரிந்தோம். என் கை சேணத்திலிருந்து தொங்கிய ஓர் அங்கவடியைத் தொட்டது. அதை வாரோடு பிடுங்கினேன். அது கையில் எவ்வளவு சரியாக உட்கார்ந்தது! அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அடித்துவிடுவேன். ஒருமுறையோடு நிறுத்தமாட்டேன் என்பதும் தெரிந்தது.

அப்போது எனக்குத் தும்மல் வந்தது.

இருட்டின் மறுபக்கம் அவனும் தும்மினான். நான், அவன், நான். லாயத்தின் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அய்சுலு, கையில் வைக்கோல் அள்ளும் இரும்புக் கவை. வெயிலிலிருந்து வந்தவளுக்குக் கண் தெரியவில்லை. காது மட்டும்தான். எந்தத் தும்மல்மேல் அந்தக் கவை இறங்கப்போகிறது?

அவள் அசையாமல் நின்றாள். பிறகு, வெகு சாதாரணமாக, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"தும்மி முடிச்சுட்டு வாங்க. டீ ஆறுது."

நான் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர் கொட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் வந்தது, அதைத் தொடர்ந்து தும்மல், ஆட்டுக்குட்டி இழுப்பு.

கவை பாய்ந்தது. அவன் அலறினான். தோளைத் துளைத்து அவனைப் பலகையோடு தைத்திருந்தது.

"அவன் சிரிச்சான்!" என்று கதறினான் ரிஸ்பெக். "கோப்பை ஆட்டத்துல, நடுவுல குதிரை நின்னப்ப, ஆடு கைநழுவினது தும்மலாலதான்னு கண்டுபிடிச்சுட்டான். எல்லார்கிட்டயும் சொல்லுவேன்னான், அணியிலேர்ந்து தூக்கிடுவேன்னான். சொல்லாதேன்னு கெஞ்சத்தான் காத்திருந்தேன். 'மூக்கொழுகி'ன்னு சொல்லிச் சிரிச்சான், அண்ணி!"

அய்சுலு கவையின் காம்பைப் பிடித்தபடி அவன் முகத்துக்கருகே குனிந்தாள்.

"அவருக்கும் இதேதாண்டா," என்றாள். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்புறம், இங்கதான், நீ ஒளிஞ்சிருந்த வைக்கோல்லதான் ஒளிஞ்சு தும்முவாரு."

ரிஸ்பெக் அவளைப் பார்த்தான். கவை குத்தியபோதுகூட அவன் முகம் அப்படி ஆகவில்லை.

நான் அங்கவடியைக் கீழே போட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் விட்டுக்கொடுத்தன. வாசலில் மெலிஸ் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் தன் மகனைக் கொன்றவனிடம் வரவில்லை. திரும்பி, கோலை ஊன்றி, ஆட்டுப்பட்டிக்குப் போனார்.

குபாத்தின் கட்டை அவரே அறுத்தார். கத்தி வழுக்கியதில் அவன் மணிக்கட்டிலும் கொஞ்சம் கிழிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

குபாத் கம்பத்தைப் பிடித்து எழுந்தான். வீட்டுக்குப் போவான் என்று வழிவிட்டார்கள். அவன் தள்ளாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனான், குதிரைக் கம்பம் வரைக்கும். இடுப்புத் துணியை இறுக்கினான். விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு திரும்பினான்.

"இவன் என்ன பண்றான்?" என்றான் தோல்குன், மூக்கில் துணியை அழுத்தியபடி.

குபாத் ஓடி வந்தான். "ஐயோ என் உடன்பிறப்பே!" என்று அலறி, தும்மி, வலியில் மடங்கி, மறுபடி நிமிர்ந்து அலறி, அந்த வெயிலில், தன்னை அடித்தவர்களுக்கு நடுவே, தன் எதிரியின் கூடாரத்தை நோக்கி ஓடி வந்தான். கூடாரத்துக்குள் பெண்கள் அந்தக் குரலை அடையாளம் கண்டு, அவன் பேரைப் பாட்டில் சேர்த்தார்கள்.

மெலிஸ் கைகளை விரித்தார்.

நான் தோல்குனைத் திரும்பிப் பார்த்தேன், ஏதாவது சொல்வான் என்று. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.